படக்கதையில் பரப்பளவு: பிள்ளைகள் ஓரத்தை மட்டும் எண்ணுகிறார்கள், என்ன செய்யலாம்?

வாசிகசாலை ரீச்சர் (நிலாவெளி)
சனிக்கிழமைகளில் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகள் 12 பேருக்குப் படக்கதை வாசிக்கிறோம். கதையோடு சேர்த்துப் பரப்பளவை அறிமுகம் செய்ய வேண்டும். "எந்தப் பாய் பெரியது?" என்று கேட்டால் நீளமானதைத்தான் காட்டுகிறார்கள். எண்ணச் சொன்னால் விளிம்புக் கட்டங்களைச் சுற்றி எண்ணிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நீளம் தர அகலம் என்று இப்போதே சொல்லிக்கொடுக்க விருப்பமில்லை. கலர் பிரிண்டர் இல்லை. போட்டோக்கொப்பி எடுக்கலாம், மட்டையும் கத்தரிக்கோலும் இருக்கு. நேரம் 40 நிமிடம். எப்படிப்பட்ட படத்தை எடுப்பது, எப்படிக் கொண்டுபோவது?

கட்டக்கொப்பி
ரீச்சர், முதலில் படத்தைப் பாருங்கோ. கதைப் புத்தகங்களில் தரையும் பாயும் பெரும்பாலும் சரிவாகத்தான் வரையப்பட்டிருக்கும். கிட்ட இருக்கிற ஓடு பெரிசு, தூரத்து ஓடு சின்னன். கண்ணுக்கு அது வடிவு. ஆனால் அதில் எண்ண வைத்தால் "எல்லா அலகும் ஒரே அளவு" என்ற அடிப்படையே அடிபட்டுப் போகும். அதனால் புத்தகத்தில் கதையை மட்டும் வாசியுங்கோ. அளக்கிறதுக்கு, நேர் மேலே நின்று பார்க்கிற மாதிரி ஒரு பக்கத்தை நீங்களே கீறுங்கோ.

ஒரு ஏ4 தாளை நடுவால் மடித்தால் இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் 6 × 16 சென்ரிமீற்றரில் ஒரு பாய், வலப்பக்கத்தில் 10 × 10 சென்ரிமீற்றரில் இன்னொன்று. உள்ளே கட்டம் கீற வேண்டாம். கட்டம் இருந்தால் பிள்ளை விரலை வைத்து எண்ணிக்கொண்டு போய்விடும், மூடுகிற வேலையே நடக்காது.

பிறகு மட்டையில் 2 சென்ரிமீற்றர் சதுரங்கள் வெட்டி, இரண்டு பேருக்கு 24 என்று கணக்காகக் கொடுங்கோ. கதையில் யாரோ பாயை விரிக்கிற இடத்தில் வாசிப்பை நிறுத்தி, "எந்தப் பாயை மூட அட்டை கூட வேணும்?" என்று கேளுங்கோ. எல்லாரும் கையால் காட்டட்டும். நீங்கள் சரி, பிழை சொல்ல வேண்டாம். நீளப் பாயை மூடுவார்கள், 24 அட்டையும் சரியாக முடியும். அதே அட்டைகளை எடுத்துச் சதுரப் பாயில் அடுக்கச் சொன்னால் ஒரு இடம் வெறுமையாக நிற்கும். எந்தப் பாய் பெரியது என்று எண்ணாமலே தெரிந்துவிடும். 25ஆவது அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். பிள்ளைகள் "இன்னொன்று தாங்கோ" என்று கேட்ட பிறகு கொடுங்கோ.

விளிம்பை எண்ணுகிற பிழைக்கும் இந்தச் சோடிதான் மருந்து. அட்டைக் கணக்கில் நீளப் பாய் 3 × 8: ஓர அட்டைகள் 18, உள்ளே 6. சதுரப் பாய் 5 × 5: ஓரம் 16, உள்ளே 9. ஓரத்தை மட்டும் எண்ணுகிற பிள்ளைக்கு 18 எதிர் 16 என்று வரும், நீளப் பாய்தான் பெரிசு என்று சொல்லும். அப்போது உள் அட்டைகளைத் திருப்பி மறுபக்கத்தை மேலே வையுங்கோ. மறுபக்கம் முதலே மஞ்சள் பூசியிருந்தால் நல்லது. "இந்த மஞ்சள் பாயில் இல்லையா?" என்ற ஒரு கேள்வி போதும்.

சொல்லையும் கவனியுங்கோ. நெல்லைப் பரப்புகிறோம், கருவாட்டைப் பரப்புகிறோம். பிள்ளைகளுக்கு அந்த வினை தெரியும். "பரப்பி மூட எத்தனை அட்டை?" என்று இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகு "பரப்பளவு" என்ற பெயரைக் கொடுங்கோ. பெயர் முதலில் வந்தால் "சுற்றளவு" என்பதோடு குழம்பும். இரண்டும் "அளவு" என்றே முடிகிறது.

தம்பலகாமம்
சுற்றளவுக் குழப்பத்துக்கு வயல் படம் நல்லது. வரப்பால் சுற்றி நடக்கிறது சுற்றளவு, வரப்புக்குள் விதைக்கிறது பரப்பளவு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கட்டக்கொப்பி சொன்ன அதே பாய்களைச் சுற்றி நூல் வைத்துப் பாருங்கோ. நீளப் பாய்க்கு 44 சென்ரிமீற்றர் நூல், சதுரப் பாய்க்கு 40. நூல் கூடின பாய்க்கு அட்டை குறைவு. ஆனால் நூலை அன்றைக்கே எடுக்க வேண்டாம், அடுத்த சனிக்கிழமைக்கு வையுங்கோ. ஒரே நாளில் இரண்டையும் கொடுத்தால் இரண்டும் கலங்கும். பேர்ச், ஏக்கர் பேச்சும் இந்த வயதுக்கு வேண்டாம். ஒரு பேர்ச் 25 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் கூட. அவர்கள் கையால் மூடிப் பார்க்கக்கூடிய அளவு இல்லை.

மட்டையும் கத்தரியும்
செய்முறையில் பிழைக்கிற இடங்கள் இரண்டு.

முதலாவது போட்டோக்கொப்பி. கடையில் மெசினில் 100 வீதம் என்று வைத்து எடுக்கச் சொல்லுங்கோ. "பக்கத்துக்குப் பொருத்து" என்று இருந்தால் படம் சுருங்கும். 5 வீதம் சுருங்கினாலே 16 சென்ரிமீற்றர் பாய் 15.2 ஆகிவிடும், எட்டாவது அட்டை பாய்க்கு வெளியே தள்ளும். முதல் கொப்பியை அடிமட்டத்தால் அளந்து பார்த்துவிட்டு மிச்சத்தை எடுங்கோ.

இரண்டாவது வெட்டுகிற விதம். ஒவ்வொரு அட்டையும் 1 மில்லிமீற்றர் கூடினால் எட்டு அட்டைக்கு 8 மில்லிமீற்றர் கூடும். கோட்டின் உட்பக்கமாக வெட்டுங்கோ. அரை மில்லிமீற்றர் குறைந்தால் சமாளிக்கலாம், கூடினால் முடியாது. ஒரு ஏ4 மட்டையில் 10 × 14, அதாவது 140 சதுரம் வரும். ஒரு சோடிக்கு 25 என்று ஆறு சோடிக்கு 150 வேண்டும், எனவே இரண்டு மட்டை. மெல்லிய தாளில் வெட்ட வேண்டாம், மின்விசிறிக் காற்றுக்குப் பறக்கும். கூட வருகிற குட்டித் தம்பி தங்கைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

கடலோரம்
சதுரத்தை எடுத்த உடனே கொடுக்காமல், முதல் ஐந்து நிமிடம் ஒரு ரூபாய்க் குற்றிகளால் மூடிப் பார்க்க விடலாம். குற்றிகளை நேர் வரிசையாக அடுக்கினால் ஏறக்குறைய 78 வீதம்தான் மூடும், மிச்சம் இடைவெளி. "இந்த இடைவெளியும் பாய்தானே?" என்று கேட்டால் சதுரம் எதற்கு என்பது அவர்களுக்கே விளங்கும். இடைவெளியை மறைக்கச் சிலர் குற்றியை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றுவார்கள். அதைத் தடுக்காமல் எல்லாருக்கும் காட்டிப் பேசுங்கோ. கருவாடு காயப்போடுகிற இடத்தைப் பார்த்த பிள்ளைக்கு, ஒன்றின்மேல் ஒன்று படக்கூடாது என்பது தெரிந்த விசயம்.

வாசிகசாலை ரீச்சர் (நிலாவெளி)
நன்றி, எல்லாருக்கும். ஒரு சந்தேகம். 8 வயதுக்காரருக்கு இது கெதியில் முடிந்துவிடும். அவர்களிடம் கட்டத்தைக் கீறச் சொன்னால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெட்டி பெட்டியாகக் கீறுகிறார்கள். வரிசை வரவில்லை.

கட்டக்கொப்பி
அது வழமைதான், ரீச்சர். தனிச் சதுரத்தையே கண்டவர்களுக்கு வரிசை தெரியாது. அவர்களுக்கு எட்டுச் சதுரம் சேர்ந்த நீளத் துண்டு, 2 × 16 சென்ரிமீற்றர், மூன்று வெட்டிக் கொடுங்கோ. துண்டில் சதுரங்களைப் பிரித்துக் கோடு போட்டிருக்க வேண்டும். ஒரு துண்டு வைத்தால் 8, இரண்டு வைத்தால் 16, மூன்றில் பாய் மூடிவிடும், 24. துண்டுகளை எடுத்துவிட்டு அதே பாயில் கீறச் சொன்னால் முதலில் நீளக் கோடு இரண்டைக் கீறி, பிறகு குறுக்குக் கோடுகள் போடுவார்கள். சதுரப் பாய்க்கு எட்டுச் சதுரத் துண்டு பொருந்தாது. ஐந்து சதுரம் சேர்ந்த துண்டு வேண்டும் என்று அவர்களே கேட்கிற வரைக்கும் பொறுங்கோ.

விடையை எழுதும்போது வெறும் 24 என்று விட வேண்டாம். "24 அட்டை" என்று எழுத வையுங்கோ. அடுத்த கிழமை 1 சென்ரிமீற்றர் சதுரம் கொடுத்தால் அதே பாய் 96 அட்டையாகும். அப்போது பாய் வளர்ந்ததா, அட்டை சிறுத்ததா என்று கதைக்க அந்தச் சொல் வேண்டும்.