எத்தியென் என்ற பெயருக்கு என்ன பொருள்?

கேள்வி (கருமத்தம்பட்டி)

வணக்கம். பிரான்சின் லியோன் நகரில் வாழும் என் மகளுக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு எத்தியென் என்று பெயரிட்டுத் திருமுழுக்கும் கொடுத்துவிட்டார்கள். என் தந்தையின் பெயரைக் கொள்ளுப்பேரனுக்கு வைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அது ஒருபுறம் இருக்க, என் அம்மா, "எட்டியானா? எட்டி நிக்கறவனா சாமி?" என்று நாள்தோறும் கேட்கிறார். விவிலியப் பெயர்தான், ஸ்டீபனின் பிரெஞ்சு வடிவம் என்கிறார் மருமகன். அப்படியானால் ஸ்டீபனில் இருந்த 'ஸ்' எங்கே, 'ப' எங்கே? பொருள்தான் என்ன?

பதில் 1 (ஈரோடு)

விவிலியப் பெயர் என்பதால் எபிரேயச் சொல்லாகத்தான் இருக்கும். யோவான், யாக்கோபு எல்லாம் அப்படித்தானே?

பதில் 2 (கோவை)

ஈரோட்டு நண்பர் சொல்லும் இரண்டும் எபிரேயமே, இது அப்படியன்று. திருத்தூதர் பணிகள் நூலின் 6, 7ஆம் அதிகாரங்களில், பந்தியில் பரிமாறும் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரில் ஒருவராக வந்து, கல்லால் எறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் பெயர் இது. அவர் யூதர், பெயரோ 'ஸ்தெபனோஸ்' என்ற கிரேக்கச் சொல்.

இனி எழுத்துகள் போன வழி. நம் ஊர்ப் பெரியவர்கள் ஸ்கூலை 'இஸ்கூல்' என்றும் ஸ்டேஷனை 'இஸ்டேசன்' என்றும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்' வந்து அடுத்த மெய்யோடு மோதினால் நாக்கு ஓர் உயிரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. பழைய பிரெஞ்சுக்காரர்களும் அதையே செய்தார்கள். நாம் இகரம் சேர்த்த இடத்தில் அவர்கள் எகரம் சேர்த்தார்கள். இலத்தீன் 'ஸ்தெபனுஸ்' இப்படித்தான் 'எஸ்தியென்' ஆயிற்று. அழுத்தம் முதலசையில் விழுந்ததால் நடுவிலிருந்த உயிர் தேய்ந்து உதிர, 'ப' அடுத்திருந்த னகரத்தோடு ஒட்டிக் கரைந்தது. பின்னர் 'ஸ்' ஒலியும் பேச்சில் மறைந்தது. ஆயினும் எழுத்தில் நெடுங்காலம் நின்றது. 1740இல் பிரெஞ்சு அக்காதெமியின் அகராதி இத்தகைய ஊமை எழுத்துகள் பலவற்றை நீக்கி, அவற்றின் இடத்தில் உயிரெழுத்தின் மேல் ஒரு கோட்டை இட்டது. பேரனின் பெயரில் முதலெழுத்தின் மேல் சாய்ந்து நிற்கும் கோடு, போன 'ஸ்' விட்டுச்சென்ற தடம்தான். பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் 'எக்கோல்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் அதே வழியில் வந்தது. ஒருவகையில் அதுவும் ஓர் 'இஸ்கூல்'தான்.

1551இல் புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களை இட்டு அச்சிட்ட ரொபேர் எஸ்தியென் என்பவரின் குடும்பப்பெயரும் இதுவே. அவர் காலத்தில் 'ஸ்' எழுத்தில் இருந்தது.

பதில் 3 (தாராபுரம்)

பொருளை யாரும் சொல்லவில்லையே. கிரேக்கத்தில் அது 'சூட்டப்படுவது' என்ற கருத்துடைய சொல். கிரீடம் என்று பலர் எழுதுகிறார்கள்; அரசர் அணிவதற்கு அம்மொழியில் 'தியாதெமா' என்று வேறு சொல் உண்டு. இது பெரும்பாலும் போட்டியில் வென்றவர் தலையில் சூட்டிய இலைவளையத்தைக் குறித்தது. நம் மரபில் வாகை சூடுதல் என்போமே, அதற்கு மிக நெருக்கம்.

தமிழ்க் கத்தோலிக்க முன்னோர் இப்பெயரை ஒலிபெயர்க்காமல் மொழிபெயர்த்தே வைத்திருந்தார்கள். சிறியவர் என்ற பொருளுடைய பவுலைச் சின்னப்பர் என்றும், கடவுளின் அருளைச் சொல்லும் யோவானை அருளப்பர் என்றும் அழைத்தது போல, இவரை முடியப்பர் என்றார்கள். திருநாள் டிசம்பர் 26.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முடியப்பர் வேறு, ஸ்டீபன் வேறு என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். என் தந்தையின் பெயர் முடியப்பன். மகளிடம் தொலைபேசியில் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாதே" என்று சொல்லி வெட்கத்துடன் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.