மறு: ‘வேப்பர் லாக்’ – பூட்டா, அடைப்பா, புரையா?

அனைவருக்கும் வணக்கம்.

பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகி, எஞ்சினுக்குப் போகாமல் வண்டி நிற்பதுதான் ‘வேப்பர் லாக்’. நம் கையேட்டுக்காக அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ஆவிப்பூட்டு, ஆவியடைப்பு, ஆவித்தடை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு உடன்பாடில்லை. கொலராடோவில் இரட்டைத் தொட்டி வைத்த பழைய பிக்கப் ஒன்றைப் பல வருடங்களாக ஓட்டி, நானே பழுது பார்த்தும் வருகிறேன். அந்தக் கோளாறு என் கையில் பட்டது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘லாக்’ என்றால் பூட்டு. ஆவியால் வரும் பூட்டு ஆவிப்பூட்டு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஐயா, கதவுப்பூட்டு, பெட்டிப்பூட்டு, வண்டிப்பூட்டு என்று சொல்லிப் பாருங்கள். முன்னால் நிற்கும் சொல் எதைப் பூட்டுகிறோம் என்று சொல்கிறது. அந்த வழக்கத்தில் ஆவிப்பூட்டு என்றால் ஆவியைப் பூட்டி வைக்கும் ஒரு பாகம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். மாட்டிக்கொண்டு நிற்பதோ பெட்ரோல்.

அடைப்புக்கும் இதே சிக்கல்தான். மூக்கடைப்பில் அடைபட்டது மூக்கு. அதோடு, அடைப்பு என்ற சொல் கையைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். முதல் வருடம் எனக்கு அதுதான் நடந்தது. மலையேற்றத்தில் வண்டி நின்றது. பெட்ரோல் லைனில் அடைப்பு என்று நினைத்து ஃபில்டரை இரண்டு முறை மாற்றினேன், குழாய்களைக் கழற்றிக் காற்று அடித்தேன். ஒரு தூசி வரவில்லை. வரவும் வராது. நான் ஸ்பேனரை எடுப்பதற்குள் எஞ்சின் ஆறி, ஆவி மறுபடி பெட்ரோலாகிவிட்டிருந்தது. குப்பை அடைத்தால் தானாகக் கரையாது. இது அரை மணி நேரம் விட்டால் தடயமே இல்லாமல் போய்விடும். அந்தக் குணம் சொல்லில் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

உள்ளே நடப்பது இதுதான். 1973 முதல் 1986 வரை வந்த, கார்புரேட்டர் வைத்த ஷெவர்லே பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சேஸுக்கு (அடிச்சட்டத்துக்கு) வெளியே, இடம் வலம் இரண்டு பக்கமும் தொட்டி. பெரிய தொட்டியில் 20 காலன், அதாவது சுமார் 76 லிட்டர் பிடிக்கும். தொட்டியிலிருந்து வரும் குழாய்கள் சேஸில் பொருத்திய, எந்தத் தொட்டி என்று மாற்றிவிடும் வால்வில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே லைனாக முன்னே போகின்றன. பம்ப் எஞ்சினின் முன்பக்கம் கீழே இருக்கிறது. எஞ்சினோடு சுழலும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு அதை ஆட்டுகிறது. தொட்டியில் தள்ளுவதற்கு எதுவும் கிடையாது. முன்னால் இருக்கும் பம்ப்தான் அவ்வளவு நீளக் குழாயையும் உறிஞ்ச வேண்டும். நாம் ஸ்ட்ரா வைத்து இளநீர் உறிஞ்சுவது போலத்தான். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும்.

இங்கே மலையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு திரவத்தின் ஆவியழுத்தம் சுற்றியுள்ள அழுத்தத்தை எட்டினால் அது கொதிக்கும். அமெரிக்கக் கோடைக்காலப் பெட்ரோலின் ஆவியழுத்தம் 37.8 டிகிரி செல்சியஸில் பொதுவாக 62 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும். 10 சதவீத எத்தனால் கலந்தால் ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல் கூடும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே 66 கிலோபாஸ்கல் அளவுதான். பானெட்டுக்கு அடியில் 40 டிகிரி என்பது ஒன்றுமே இல்லை. கொதிக்கக் காத்திருக்கும் திரவத்தைத்தான் பம்ப் உறிஞ்சுகிறது. கொதித்துவிட்டால் பம்ப் ஆடிக்கொண்டே இருக்கும், ஆவி நசுங்கி விரியும், பெட்ரோல் நகராது. கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம் காலியாகும். வண்டி இருமி இருமி நிற்கும்.

இரட்டைத் தொட்டிக்காரர்களுக்கு மட்டும் வாய்த்த சங்கடம் ஒன்று உண்டு. குளிர்காலப் பெட்ரோலை வேண்டுமென்றே எளிதில் ஆவியாகும்படி கலக்கிறார்கள். அதன் ஆவியழுத்தம் 100 கிலோபாஸ்கல் வரைகூடப் போகும். பிப்ரவரியில் இரண்டாம் தொட்டியை நிரப்பி, தொடாமல் வைத்திருந்து, ஜூன் மாத வெயிலில் தொட்டி மாற்றும் சுவிட்சைத் தட்டினால் அந்தக் குளிர்காலச் சரக்கு லைனுக்கு வருகிறது. நான் இதைக் கண்டுபிடிக்கவே மூன்று கோடைகள் ஆயின.

இனி என் சொல். சோறு உண்ணும்போது தண்ணீர் தவறான வழியில் போனால் என்ன சொல்கிறோம்? புரையேறிவிட்டது என்கிறோம். யாரோ நினைக்கிறார்கள் என்று பாட்டி உச்சியில் தட்டுவாள். சற்று நிறுத்தினால் தானே சரியாகும். காற்று போகும் வழியில் நீர் போனால் அது. நீர்மம் போகும் வழியில் ஆவி புகுந்தால் இது. புரை என்ற சொல்லுக்கு உள்ளே இருக்கும் வெற்றிடம், துளை என்றும் பொருள் உண்டு. புரையோடிய புண் என்கிறோம் அல்லவா? ஆகவே குழாய்க்குள் ஆவி நிறைந்த வெற்றிடம் ஆவிப்புரை. அது நிகழ்வது புரையேறுதல். “லைன் புரையேறிடுச்சு, ஆறட்டும்” என்று ஒரு மெக்கானிக் வாயில் வருமா என்று சொல்லிப் பார்த்தேன். வருகிறது. ‘லைன் ஆவிப்பூட்டுக்கு உள்ளானது’ யார் வாயிலும் வராது.

> கண்புரை இருக்கிறதே. அங்கே புரை என்பது படலம். குழப்பம் வராதா?

இந்த மறுப்பு நியாயமானது, அம்மா. இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் புரையோடுதலும் கண்புரையும் புரையேறுதலும் ஏற்கெனவே ஒரே மொழியில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. கண் மருத்துவர் யாரும் குழம்பவில்லை. ஆவி என்ற முன்சொல் இருக்கும்போது பெட்ரோல் குழாயில் படலத்தை யாரும் தேடமாட்டார்கள். ஆவிப்பிடிப்பு என்று வைக்கலாமா என்றும் நினைத்தேன். சளிக்கு ஆவி பிடிப்பது நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன்.

புரையை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணம், அதற்கு ஒரு ஜோடி கிடைக்கிறது. பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால், உறிஞ்சும் பக்கம் என்பதால் பெட்ரோல் வெளியே சொட்டாமலேகூட காற்று உள்ளே போகும். வண்டி அதே மாதிரி இருமி நிற்கும். நம் ஊர் டீசல் மோட்டார்காரர்கள் ‘ஏர் லாக்’ என்பது இந்த வகை. இதைக் காற்றுப்புரை என்போம். ஆறினாலும் காற்றுப்புரை சரியாகாது, ஹோஸை மாற்ற வேண்டும். ஆவிப்புரைக்கு ஹோஸை மாற்றினால் பணம்தான் வீண்.

இரண்டையும் பிரிக்க இரட்டைத் தொட்டியே உதவும். வண்டி இழுக்காதபோது அடுத்த தொட்டிக்கு மாற்றுங்கள். உடனே சரியானால் கோளாறு முதல் தொட்டிக்கும் வால்வுக்கும் இடையே: வெடித்த ஹோஸ், தொட்டி மூடியில் அடைந்துபோன காற்றுத்துளை, அல்லது நான் சொன்ன குளிர்காலப் பெட்ரோல். மாற்றியும் இழுக்கவில்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான பாதையைப் பாருங்கள். வால்வு, பம்ப், சைலன்சர் பைப்பை ஒட்டிப் போகும் குழாய். பம்ப் மேல் ஈரத்துணி போட்டதும் பிழைத்தால் அது ஆவிப்புரையேதான். (பெட்ரோல் லைனில் துணி காயவைக்கும் மரக் கிளிப்பை மாட்டுகிற பழைய அமெரிக்கக் கைவைத்தியத்தை இங்கே பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நானும் மாட்டிப் பார்த்தேன். பலன் இல்லை.)

நிலையான தீர்வு, தொட்டிக்குப் பக்கத்தில் மின்பம்ப் வைத்துத் தள்ளுவது. தள்ளினால் அழுத்தம் ஏறும், கொதிநிலையும் ஏறும். கார்புரேட்டருக்குப் பதிலாக ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்து பம்ப் தொட்டிக்குள்ளேயே போனபிறகு இந்தக் கோளாறு அரிதாகிவிட்டது.

‘ரிட்டர்ன் லைன்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். திருப்புகுழாய் என்றால் பிடித்துத் திருப்பும் குழாய் போல இருக்கிறது, மீள்குழாய் போதும். மிஞ்சிய பெட்ரோலும் குமிழிகளும் அதன் வழியே தொட்டிக்கு மீள்கின்றன, பம்ப்பும் சூடேறாமல் இருக்கிறது. இரட்டைத் தொட்டியில் எடுத்த தொட்டிக்கே மீள வேண்டும் என்பதால்தான் அந்த வால்வுக்கு ஆறு வாய்கள். உள்ளே ஒரு பக்கம் சிக்கிக்கொண்டால் இடத் தொட்டியில் எடுத்தது வலத் தொட்டியில் போய் நிரம்பி வழியும், நெருப்புக்கு இடமாகும். ஆகவே கையேட்டில் மீள்குழாய் பற்றிய பத்தியை ஆவிப்புரைக்கு அடுத்தே வையுங்கள், பின்னிணைப்பில் தள்ள வேண்டாம்.

அந்த வால்வுக்கு ஒருவர் எழுதிய ‘தேர்வுத் தடுக்கிதழ்’ எனக்குப் பிடிபடவில்லை. தொட்டிமாற்றி என்று எழுதினால் என்ன? மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். திங்களன்று படங்களில் பெயர் எழுத வேண்டும்.

அன்புடன்,
கொலராடோவிலிருந்து