ஜெர்மனிக்குப் புதிதாக வந்த நர்ஸ்களுக்கு: வீடு, சாமி, வேலை மூன்றையும் சேர்த்தே தேடுங்கள்

ஒரு தங்கை நேற்று கேட்டிருந்தார்: "அக்கா, இன்னும் ஆஸ்பத்திரி ஹாஸ்டல்லதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை எங்க போறதுன்னு தெரியல. வார்டுல ஹெல்பரா நிக்கிறேன், நர்ஸ்னு சொல்லிக்கவே கூச்சமா இருக்கு. எதை முதல்ல சரி பண்றது?"

இங்கே பலரும் "முதலில் அனர்கென்னுங் வரட்டும், மற்றதெல்லாம் அப்புறம்" என்றுதான் பதில் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அனர்கென்னுங் என்றால் நம் ஊர் நர்ஸிங் படிப்பை இங்கே ஏற்றுக்கொள்ளும் தகுதி அங்கீகாரம், அதுவரை ஹெல்பர் வேலைதான். அது கைக்கு வர ஒரு வருடமும் ஆகலாம், அதைத் தாண்டியும் போகலாம். அத்தனை காலமும் பெட்டியைப் பிரிக்காமல், கும்பிட ஓர் இடமில்லாமல் இருந்தால், பரீட்சைக்கு உட்காரும்போது மனசில் தெம்பு இருக்காது. நான் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் நர்ஸாக இருக்கிறேன். நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வீடு, சாமி, வேலை மூன்றும் இங்கே ஒன்றோடொன்று பின்னியவை. குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்குப் பெயர் அன்மெல்டுங். ஹாஸ்டலாக இருந்தாலும் சரி, வாடகை வீடாக இருந்தாலும் சரி, இடம் கொடுத்தவரிடம் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வாங்கிப் போங்கள். பதிந்தால்தான் வரி எண் வரும். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் அதிக விகிதத்தில் வரி பிடிக்க நேரும். அந்தப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் என்றோ, எவாங்கேலிஷ் (புராட்டஸ்டன்ட்) என்றோ எழுதினால் திருச்சபை வரி தானாகவே பிடிக்கப்படும். சம்பளத்தில் 9 சதவீதம் போகும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள், அது தவறு. உங்கள் வருமான வரியில் 9 சதவீதம். பவேரியாவிலும் பாடன்-வ்யூர்ட்டம்பெர்க்கிலும் 8. வருமான வரி 300 யூரோ என்றால் திருச்சபைக்கு 27 யூரோ. இந்து, முஸ்லிம் பிள்ளைகளுக்கு இந்த வரி கிடையாது.

"மதம் இல்லைன்னு போட்டுடு, காசு மிச்சம்" என்று சொல்பவர்கள் உண்டு. ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை அப்படி எழுத வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். திருச்சபையிலிருந்து முறைப்படி விலகும் வழி இருக்கிறது. இந்த மாநிலத்தில் நீதிமன்றத்தில் 30 யூரோ கட்டி விலகலாம். ஆனால் விலகியவருக்குத் நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் கிடையாது என்பது ஜெர்மன் கத்தோலிக்க ஆயர்களின் நிலை. வேலை கத்தோலிக்க மருத்துவமனையில் என்றால் அந்த வேலையையும் அது பாதிக்கலாம். சேமிப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் விஷயம் இல்லை இது.

வீட்டுக்கு வருவோம். விளம்பரத்தில் இருக்கும் கால்ட்மீட்டே வெறும் வாடகை. தண்ணீர், ஹீட்டிங், குப்பை எல்லாம் சேர்ந்தது வார்ம்மீட்டே. கரண்ட் பெரும்பாலும் அதிலும் சேராது. முன்பணம் மூன்று மாத கால்ட்மீட்டேக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கடன், கட்டண ஒழுங்கைப் பதிந்து வைக்கும் நிறுவனம் ஷூஃபா, புதிதாக வந்தவருக்கு அதில் வரலாறே இருக்காது. அதற்குப் பதில் வேலை ஒப்பந்தம், கடைசிச் சம்பளச் சீட்டுகள், மேலாளரிடம் ஒரு கடிதம் என்று கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி வேலை என்றால் வீட்டுக்காரர்களுக்கு நம்பிக்கை வருகிறது. வீட்டைப் பார்க்காமல், சாவி கைக்கு வராமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். காலி வீடு என்றால் பல இடங்களில் சமையல் மேடையும் அடுப்பும்கூட இருக்காது. முன்பு இருந்தவரிடமே விலை பேசி வாங்கிக்கொள்வது நல்லது. பதிந்த கொஞ்ச நாளில் மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு கடிதம் வரும். அது மோசடி இல்லை, வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும்.

இனி வேலை. உங்கள் கூச்சம்தான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது.

நம் ஊரில் நர்ஸ் என்றால் ஊசி, டிரிப், மருந்து, ரவுண்ட்ஸ். நோயாளியைத் துடைப்பது, ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரரோ ஆயாவோ செய்வார்கள். இங்கே அதற்கு குருண்ட்ஃப்ளேகெ என்று பெயர், முழுத் தகுதி பெற்ற நர்ஸும் அதைச் செய்கிறார். ஐசியூவில் வென்டிலேட்டர் பார்த்த பிள்ளை வந்த முதல் வாரமே பாத்திரத்தில் வெந்நீர் எடுத்துக்கொண்டு போகும்போது தொண்டை அடைக்கத்தான் செய்யும். அது இயல்பு. ஆனால் பக்கத்தில் நிற்கும் மூத்த நர்ஸைக் கவனியுங்கள். துடைக்கும்போதே முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தொடங்குகிறதா என்று பார்ப்பார். ஊட்டும்போது விழுங்குகிறாரா, புரையேறுகிறதா என்று பார்ப்பார். அதை வைத்து அன்றைய திட்டத்தை மாற்றுவார். 2020-ல் நடைமுறைக்கு வந்த செவிலியர் தொழில் சட்டம், பராமரிப்புத் தேவையைக் கண்டறிவது, அதை வழிநடத்துவது, அதன் தரத்தைச் சோதிப்பது ஆகியவற்றைத் தகுதி பெற்ற செவிலியருக்கே என்று ஒதுக்கியிருக்கிறது. மருத்துவருக்குக்கூட அந்த இடம் இல்லை. வெந்நீர்ப் பாத்திரத்தோடு நீங்கள் நிற்கும் அந்த அறையில்தான் இதெல்லாம் நடக்கிறது.

உங்கள் பரீட்சையும் இதுதான். ஜெர்மன் படிப்போடு ஒப்பிட்டு உங்கள் படிப்பில் உள்ள குறைகளைப் பட்டியலிட்டு வரும் டெஃபிசிட் கடிதத்துக்குப் பிறகு இரண்டு வழி: கென்ட்னிஸ்ப்ரூஃபுங் என்ற தேர்வு, அல்லது அன்பாசுங்ஸ்லேர்காங் என்ற பயிற்சி. தேர்வின் செய்முறைப் பகுதியில் நோயாளிக்கான பராமரிப்பைத் திட்டமிட்டு, செய்து, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று விளக்க வேண்டும். அப்புறம் வாய்மொழித் தேர்வு. ஒவ்வொரு பகுதியையும் ஒரு முறைதான் திரும்ப எழுதலாம். அதனால் ஹெல்பராக இருக்கும் இந்த மாதங்களிலேயே ப்ராக்ஸிஸ்அன்லைட்டர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாணவர்களுக்குக் கற்றுத்தரத் தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ் அவர். ஒரு நோயாளிக்குத் திட்டம் எழுதி அவரிடம் காட்டுங்கள். பி2 மொழிச் சான்றிதழ் இருந்தாலும் வார்டு ஜெர்மன் வேறு, அது இப்படி எழுதினால்தான் வரும்.

பரீட்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தகுதி பெற்ற பணியாளருக்கான விசாவில் மூன்று வருடம் இருந்து, 36 மாத ஓய்வூதியப் பங்களிப்பும் பி1 அளவு ஜெர்மனும் இருந்தால் நிரந்தர வதிவிட அனுமதி கேட்கலாம். மற்ற நிபந்தனைகளும் உண்டு, ஆனால் அங்கீகாரத்துக்காகக் கொடுத்த விசாவில் கழியும் காலம் அந்த மூன்று வருடத்தில் சேராது.

இனி ஞாயிற்றுக்கிழமை. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். ஈழத்திலிருந்து அகதியாக வந்த குருக்கள் ஒரு வீட்டு நிலவறையில் தொடங்கிய வழிபாடு, 2002-ல் கோபுரத்தோடு குடமுழுக்குக் கண்டது. தொழிற்சாலைப் பகுதி நடுவே நிற்கிறது. கோடையில் தேர் இழுக்கும்போது ஆயிரக்கணக்கில் நம் ஆட்கள் கூடுவார்கள், தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில். மாதா பக்தி உள்ளவர்களுக்கு டச்சு எல்லையோரம் கேவெலார் இருக்கிறது. 1642 முதல் யாத்திரைத் தலம். ஆகஸ்டில் தமிழர்கள் திரளாகக் கூடுவார்கள், இந்துக்களும் வருவார்கள். நான் அதை மிகவும் மதிக்கிறேன்.

தூரம் அதிகம், மாதா மாதம் முடியாது, தெரியும். அதனால் திருவிழாத் தேதியை முன்கூட்டியே கேட்டு வைத்து, ட்யூட்டி பட்டியல் போடும் முன்பே விடுப்பு விருப்பம் எழுதிக் கொடுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் ட்யூட்டியை நீங்கள் எடுத்துக்கொண்டால் பொங்கலை உங்களுக்கு விட்டுத்தர வார்டில் யாராவது முன்வருவார்கள். ஹாஸ்டல் அறையிலும் ஒரு மூலையில் படம் வைத்துவிடுங்கள். புகையறியும் கருவி இருக்கும் இடங்களில் சாம்பிராணி மட்டும் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் "இத்தனை வருடத்துக்குள் போனால் இவ்வளவு திருப்பிக் கட்டு" என்ற பிரிவு இருந்தால் பயந்து உட்கார்ந்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட பிரிவு எல்லாமே செல்லும் என்றும் இல்லை, எல்லாமே செல்லாது என்றும் இல்லை. ஃபேர் இன்டெக்ரேஷன் என்ற ஆலோசனை மையங்களில் வேலைச் சட்டம் பற்றி இலவசமாகச் சொல்வார்கள். வீடு, குடும்பம், அலுவலகக் கடிதம் இதற்கெல்லாம் காரித்தாஸ், டியக்கோனி என்ற திருச்சபைத் தொண்டு அமைப்புகள் நடத்தும் குடியேறியோர் ஆலோசனைக்குப் போகலாம். எந்த மதத்தவர் என்று பார்க்க மாட்டார்கள்.

தங்கச்சி, உங்கள் டெஃபிசிட் கடிதம் வந்துவிட்டதா? பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் குறைகிறது என்று பார்த்தால், தேர்வா பயிற்சியா என்று சேர்ந்தே யோசிக்கலாம்.