மறு: "மறக்கப்படும் உரிமை" வேண்டாம், "தேடல்விலக்கு" சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தன்னைப் பற்றிய பழைய தகவல் இணையத்தில் துரத்தாதிருக்கக் கேட்கும் உரிமையை ஆங்கிலத்தில் "right to be forgotten" என்கிறார்கள். அதற்குச் சென்ற வாரம் இங்கே வந்த இரண்டு தமிழ்ச் சொற்களும் எனக்கு ஒப்பவில்லை. "மறக்கப்படும் உரிமை" என்றால் யாரும் நினைவில் வைத்திராத உரிமை என்றுதான் தமிழ்க் காதுக்குக் கேட்கிறது. பறிக்கப்படும் உரிமை, மறுக்கப்படும் உரிமை வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. "மறதியுரிமை" இன்னும் மோசம். கடன் வாங்கியவர்தான் அதைக் கேட்பார்.

சொல் தவறினால் என்ன குடிமுழுகிவிடும் என்கிறீர்களா? இங்கே கோத்தகிரியில் என் பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு சிறு தேயிலை விவசாயி. பழைய வழக்கொன்றில் விடுதலையானவர். மகளுக்கு வரன் பார்த்தபோது பையன் வீட்டார் இவர் பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். கைதான செய்தி முதலில் வந்து நின்றது. விடுதலையான செய்தி வரவே இல்லை. "மறக்கடிக்க ஏதோ சட்டம் இருக்கிறதாமே?" என்று தீர்ப்பு நகலோடு வந்துவிட்டார். ஒரே மனுவில் எல்லா இடத்திலிருந்தும் அழிந்துவிடும் என்று நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது இந்தச் சொல்தான்.

இந்த ஒரு பெயருக்குள் மூன்று வேறு காரியங்கள் அடைந்துகிடக்கின்றன. தரவையே நீக்குவது அழிப்பு. நம் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நாம் இசைவளித்துக் கொடுத்த தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையை வகுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 17ஆம் பிரிவுக்கும் அழிப்புரிமை என்றே தலைப்பு; மறக்கப்படுவது அங்கே அடைப்புக்குறிக்குள் ஒண்டிக்கொண்டிருக்கிறது. தீர்ப்பில் பெயரை மட்டும் மறைப்பது பெயர்மறைப்பு. விடுதலையான ஒருவர் இதைக் கேட்டபோது 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதி அமர்வு ஏற்றது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

மூன்றாவதற்குத்தான் தமிழில் பெயரில்லை. ஸ்பெயின்காரர் ஒருவரின் சொத்து கடனுக்காக ஏலத்துக்கு வந்த 1998ஆம் ஆண்டு அறிவிப்பு, பல வருடம் கழித்தும் அவர் பெயரைத் தேடினால் வந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட இணைப்பைப் பெயர்த்தேடலில் காட்டாதிருக்கும்படி தேடுபொறியைக் கட்டாயப்படுத்தலாம் என்று 2014 மே 13 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாளிதழ்ப் பக்கத்தை யாரும் தொடவில்லை. கைகாட்டியைப் பிடுங்கினார்கள், ஊர் இருந்த இடத்தில் இருக்கிறது. உலகம் முழுவதும் இப்படி நீக்கவேண்டிய கட்டாயமில்லை என்று 2019இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆகவே பாரிஸில் தேடி வராதது குன்னூரில் தேடினால் வரலாம்.

இதற்கு நான் முன்பே எழுதிய பரிந்துரை தேடல்விலக்கு. வரிவிலக்கைப் போல: வரி இருக்கும், இன்னதற்கு மட்டும் விலக்கு. "சுட்டுநீக்கம்" என்றும் யோசித்தேன். துப்பாக்கி ஞாபகம் வருகிறது. என் தம்பி மகன் "கவாத்து" (செடியின் கிளைகளை வெட்டிவிடுவது) என்றான். நல்ல மலைச்சொல்தான். ஆனால் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைக்குக் கவாத்து செய்வது மீண்டும் அடர்ந்து துளிர்க்கத்தானே? வழக்குப் போட்டவர் பாவம்.

> மதுவிலக்கு என்றால் மதுவே கூடாது. அதுபோலத் தேடவே கூடாது என்று ஆகிவிடாதா? (என் பரிந்துரைக்குக் கோவை நண்பர் ஒருவரின் பதில்)

ஆகும், ஐயா. இதை நான் நினைக்கவில்லை. "பெயர்த்தேடல் விலக்கு" என்று சற்று நீட்டினால் தீருமா? விலக்கு பெயரைத் தேடும்போது மட்டும் என்பதும் உள்ளே வந்துவிடுகிறது. நேற்றுத் தோட்டக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்படியானால் செய்தி இருக்கும், என் பெயரைத் தட்டினால் வராது. அவ்வளவுதானே?" என்றார். இங்கே அது கிடைக்குமா என்று அடுத்துக் கேட்டார். பெயர்மறைப்பையே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த கதையைச் சொன்னேன்.