புதுப்பிப்பு: 1,200 வெள்ளி கணினி ஓடத் தொடங்கிவிட்டது
1,200 வெள்ளிக்குள் கேமிங் கணினி கட்ட என்ன பாகங்கள் வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயர் கணினிக் கடைத்தொகுதியில் மாடி மாடியாக ஏறி இறங்கி வாங்கியாயிற்று: ரைசன் 5 5600 ப்ராசசர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு. பவர் சப்ளை 650 வாட். அந்த கார்டுக்கு 132 வாட்தான் தேவை, ஆனால் பிறகு பெரிய கார்டு மாட்ட ஆசை வரும், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். கேஸ் அண்ணனுடைய பழசு.

இரவு பதினொரு மணிக்கு எல்லாம் மாட்டி பொத்தானை அழுத்தினால், விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. ரேமைக் கழற்றி மாட்டினேன், அம்மா வேறு "கடையிலேயே மாட்டித் தரச் சொல்லியிருக்கலாமே" என்கிறார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன், எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறேன்! 5600 ப்ராசசருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, அதனால் மதர்போர்டு வழியாகப் படம் வராது, கார்டில்தான் செருக வேண்டும்.

அப்புறம் ரேம் 2133 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பைப் போட்டதும் 3200 ஆனது. மானிட்டர் இன்னும் பழைய 60 ஹெர்ட்ஸ்தான். அது அடுத்த சம்பளத்துக்கு.