புதுப்பிப்பு: நாடியோடு சேர்ந்து ஒலித்த காது இரைச்சல்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 64 வயது அப்பாவுக்கு இடது காதில் 'உஸ் உஸ்' இரைச்சல், காதும் மந்தம், காதுக்கருவி வாங்கலாமா என்று. பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

பலித்தது, "மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி இரைச்சலை எண்ணச் சொல்லுங்கள்" என்ற யோசனைதான். இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போயின. இதைச் சொன்னதும் காது மருத்துவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். அங்கும் அதே சத்தம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், இடது கரோட்டிட் தமனியில் (கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்) 60 சதவீத அடைப்பு. ரத்த அழுத்தம் 170/100. முதலில் பார்த்த இடத்தில் அழுத்தம்கூடப் பார்க்காமல் கருவிக்கு விலை சொன்னார்கள்!

இப்போது ஆஸ்பிரின், ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மருந்து), அழுத்த மாத்திரை. பீடியையும் விட்டுவிட்டார் (அம்மா இன்னும் நம்பவில்லை). இரைச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

எதிர்பாராத விஷயம், காது மந்தம் அப்படியே இருப்பது. உட்காதுக்கு ரத்தம் கரோட்டிட்டிலிருந்து போவதில்லையாம்; கழுத்தின் பின்பக்கத் தமனிகளிலிருந்து பிரியும் ஒரு மெல்லிய கிளைதான் வழி. அது சுருங்கினால் மாற்றுப் பாதை கிடையாது. உயர் அழுத்தமும் புகையும் இரண்டு இடங்களையும் கெடுத்திருக்கலாம் என்றார் மருத்துவர். உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆகவே, காதுக்கருவியும் வாங்கிவிட்டோம்.