தேய்ந்த ஸ்க்ரூவுக்கு ரப்பர் பேண்டாம்! இந்தப் புளுகை நிறுத்தவே மாட்டீர்களா?

வடசேரி பழைய பட்டறை:
குமரி மாவட்ட வாட்ஸ்அப் குழு ஒன்றில் நேற்று ஒரு மகான் அருளியது இது: "சின்ன ஸ்க்ரூவின் தலை தேய்ந்து திருப்புளி வழுக்குகிறதா? மேலே ஒரு ரப்பர் பேண்டை வைத்துத் திருப்புங்கள், நூற்றுக்கு நூறு கழன்று வரும்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைதட்டலும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை நம்பி லேப்டாப்பைக் குத்திக் குதறியவர்கள் கடைசியில் என் மேஜைக்குத்தான் வருகிறார்கள். பிளஸ் வடிவமே போய், வட்டக் குழியாகி, அதற்குள் ரப்பர் துணுக்கு அரைபட்டு அப்பிக் கிடக்கும். ஊசியை வைத்து அதைச் சுரண்டி எடுப்பதே தனி வேலை. சின்ன ஸ்க்ரூ என்றால் லேப்டாப் அடிமூடியில் வரும் எம்2, எம்2.5, அதாவது இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன். தலைக்குழி ஒரு மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் அதிகம். சாதாரண ரப்பர் பேண்டின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். குழி முழுக்க ரப்பர் அடைத்த பிறகு திருப்புளி முனை எங்கே போய் உட்காரும்? வராது. எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், வராது.

குலசேகரம் தோட்டக்காரன்:
அண்ணே, வரும். எனக்கு வந்தது. சுவர்க்கடிகாரத்தின் பின்மூடி ஸ்க்ரூ, தலை நன்றாகத் தேய்ந்தது, அகல ரப்பர் பேண்டை வைத்து அழுத்திப் பையத் திருப்பினேன், வந்துவிட்டது. கண்ணால் பார்த்ததைப் புளுகு என்றால் எப்படி?

வடசேரி பழைய பட்டறை:
கடிகாரத்தில் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் ஏறியிருக்கும் தம்பி. அதை உங்கள் வீட்டுக் குழந்தை நகத்தால் திருப்பினாலும் வரும். ரப்பர் எடுத்ததல்ல அது, தானாக வந்தது. பெருமையை ரப்பருக்குக் கொடுக்காதீர்கள்.

கொளச்சல் உப்புக்காற்று:
சண்டைக்கு முன்னால் ஒன்று தெளிவாகட்டும். தலை தேய்ந்ததா, மரை (ஸ்க்ரூவின் திருகுச் சுற்று) பிடித்ததா? இரண்டும் வேறு வேறு நோய். எங்கள் பக்கம் வள்ளத்தில் இருக்கிற ஜிபிஎஸ், வயர்லெஸ் பெட்டி எல்லாம் இரண்டாவது கேஸ்தான். அலுமினியப் பெட்டியில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டு, உப்புத் தண்ணீரும் பட்டால், அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக மரைக்குள் இறுகிவிடும். அப்போது தலை புத்தம்புதிதாக இருந்தாலும் ஸ்க்ரூ அசையாது, அடம்பிடித்துத் திருப்பும்போதுதான் தலையும் போகும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, சூடு காட்டி, பிறகுதான் திருப்புளியையே எடுக்க வேண்டும். அந்த வாட்ஸ்அப்காரர் எந்த நோயைச் சொல்கிறார்?

குலசேகரம் தோட்டக்காரன்:
எந்த நோயாக இருந்தால் என்ன, ரப்பர் பேண்டுக்கு வந்தது என்கிறேன். அண்ணன் அதற்குப் பதில் சொல்லட்டும்.

வடசேரி பழைய பட்டறை:
சொல்லிவிட்டேனே. வராது.

திங்கள்சந்தை மாப்ளே:
டபிள்யூடி-40 அடித்தால் முடிந்தது கதை. எதற்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்து?

வடசேரி பழைய பட்டறை:
வந்தாரய்யா அடுத்தவர். 1953-இல் ஈரத்தை விரட்டத் தயாரித்த சாமான் அது, பெயரில் வரும் டபிள்யூடி என்பதே 'வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்', ஈரம் விரட்டுவதுதான். தேய்ந்த தலையில் அதை அடித்தால் இருக்கிற கொஞ்சநஞ்சப் பிடிமானமும் எண்ணெயில் போய்விடும். குழியைத் துடைத்துக் காயவைக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் அபிஷேகம் செய்கிறார்கள். லேப்டாப்புக்குள் இறங்கினால் அது வேறு கூத்து.

மார்த்தாண்டம் செல்போன்:
ரப்பர் பேண்டும் வேண்டாம் எண்ணெயும் வேண்டாம். தேய்ந்த குழியில் ஒரு சொட்டு சூப்பர் குளூ, மேலே பழைய திருப்புளி பிட் ஒன்று, நன்றாகக் காயவிட்டுத் திருப்பினால் வரும். நான் போனில் செய்கிறேன்.

வடசேரி பழைய பட்டறை:
செய்வீர்கள், செய்வீர்கள். அந்தச் சொட்டு தலையின் ஓரம் வழியாக இறங்கி ஸ்க்ரூவையும் மூடியையும் சேர்த்து ஒட்டிய பிறகு "அண்ணே, வடசேரி வரை போய்ட்டு வாங்க" என்று வாடிக்கையாளரை இங்கே தள்ளிவிடுவதும் நீங்கள்தானே. அது கிடக்கட்டும், தேய்ந்த ஸ்க்ரூவுக்குள் திருகி ஏற்றி வெளியே எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் செட், என்னிடம் வாங்கிப்போனீர்களே, எங்கே?

மார்த்தாண்டம் செல்போன்:
அதை அப்போதே கொடுத்துவிட்டேன். பொதுவில் மானத்தை வாங்காதீர்கள்.

வடசேரி பழைய பட்டறை:
பெட்டி வந்தது. உள்ளே இருந்த சின்ன எக்ஸ்ட்ராக்டர் வரவில்லை. அது ஏன் வரவில்லை என்றும் தெரியும். கடினமான எஃகு, மெல்லிசாக இருக்கும், கொஞ்சம் சாய்த்துத் திருகினால் மளுக்கென்று ஸ்க்ரூவுக்குள்ளேயே ஒடியும், ஒடிந்த துண்டைச் சாதாரண டிரில் பிட் தொடக்கூட முடியாது. யாருடைய போனுக்குள் கிடக்கிறதோ.

தக்கலை டூவீலர்:
அண்ணாச்சிமாரே, இந்தத் தலை ஏன் தேய்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லையே. கையில் வைத்திருக்கும் ஸ்டார் (பிளஸ்) திருப்புளி தப்பு. ஜப்பான்காரன் வண்டியில் வரும் ஸ்டார் ஸ்க்ரூ ஜே.ஐ.எஸ்., அதாவது ஜப்பான் தொழில்தர அளவாக்கும், நம் கடையில் கிடைப்பது பிலிப்ஸ். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பிலிப்ஸ் முனை குழியின் அடியைச் சீக்கிரமே தொட்டுவிடும், பக்கச் சிறகு நான்கும் சரியாகப் பிடிக்காது. அப்புறம் பலம் கொடுத்தால் மேலே ஏறி வழுக்கும், ஒவ்வொரு வழுக்கலுக்கும் கொஞ்சம் தலை போகும். நிறைய ஜே.ஐ.எஸ். தலையில் ஓரமாக ஒரு புள்ளிக் குழி இருக்கும், அதைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் கார்புரேட்டர் அடிக்கிண்ணத்து ஸ்க்ரூ தேயாத வண்டியை எங்கள் ஊரில் காட்டுங்கள் பார்ப்போம். சரியான முனையை வைத்து, சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினால் பாதி கேஸ் அங்கேயே முடிந்தது.

வடசேரி பழைய பட்டறை:
கார்புரேட்டர் ஸ்க்ரூ சின்ன ஸ்க்ரூவா?

தக்கலை டூவீலர்:
பின்னே பெரிய ஸ்க்ரூவா?

வடசேரி பழைய பட்டறை:
எங்கள் தொழிலில் எம்4 என்பது தடியன். சுத்தியலால் தட்டலாம், வைஸ் கிரிப்பால் பிடிக்கலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நான் பேசுவது கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய ஸ்க்ரூவை. அடியில் மதர்போர்டு இருக்கிறது, அங்கே சுத்தியலைத் தூக்கினால் வாடிக்கையாளர் என்னைத் தூக்கிவிடுவார்.

குலசேகரம் தோட்டக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். எம்4-ல் ரப்பர் பேண்டு வேலை செய்யும் என்று ஒத்துக்கொள்கிறீர்களா இல்லையா?

வடசேரி பழைய பட்டறை:
எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் திரி சின்ன ஸ்க்ரூவைப் பற்றியது.

குலசேகரம் தோட்டக்காரன்:
உங்கள் கையில் இருக்கும் ரப்பர் பேண்டு சரியில்லை என்று ஏன் நினைக்க மாட்டீர்கள்? பெட்டிக்கடையில் கலர் கலராகத் தொங்குகிறதே, அதை இழுத்தால் இற்றுப்போகும். நல்ல ரப்பராக இருந்தால் பிடிக்கும். பால் வெட்டி, உறைய வைத்து, ஷீட் அடித்து, புகைபோட்டு உலர்த்துகிற வீடு எங்களுடையது. ரப்பரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

திங்கள்சந்தை மாப்ளே:
ஆர்.எஸ்.எஸ். 4 தரத்துப் புகைபோட்ட ரப்பர் ஷீட்டைச் சுருட்டி ஸ்க்ரூ மேல் வைக்கச் சொல்கிறார். மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலாக இருந்தாலும் பரவாயில்லையா அண்ணே?

குலசேகரம் தோட்டக்காரன்:
சிரிக்கலாம் மக்கா, சிரிக்கலாம். தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில் விளைகிறது. விலை இறங்கி வெட்டுக்கூலிக்குக்கூடக் கட்டாமல் மரத்தைச் சும்மா விட்டபோது ஒருத்தரும் திரி தொடங்கவில்லை. இப்போது ரப்பர் பேண்டு புளுகாம்.

வடசேரி பழைய பட்டறை:
தோட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் ரப்பர் விவசாயியைத் திட்டவில்லை. உலகத்திலேயே உயர்ந்த ரப்பர் என்றாலும் அது மெத்துமெத்தென்றுதான் இருக்கும். திருப்புளியின் பலம் ஸ்க்ரூவுக்குப் போவதற்குப் பதில் ரப்பர் முறுக்கிக்கொள்வதிலேயே தீர்ந்துவிடுகிறது. முனை உட்காரவும் இடமில்லை. மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், வராது.

சரி, வருவது எது என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன், தோட்டக்காரர் தாண்டிப் போகலாம். முதலில் குழியைச் சுத்தம் செய்து சரியான புது முனையை வையுங்கள். தேய்ந்த பி.எச். 0 அளவு பிளஸ் முனையை வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைக் குறை சொல்லாதீர்கள். பலத்தில் முக்கால் பங்கு கீழே அழுத்த, கால் பங்கு திருப்ப. நம் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். முனையில் வால்வு லேப்பிங் பேஸ்ட் (இன்ஜின் வால்வைத் தேய்த்துப் பொருத்தும் சொரசொரப்பான பசை) ஒரு பொட்டு தடவினால் அந்த நறநறப்பே கொஞ்சம் பிடி கொடுக்கும், ரப்பர் கொடுக்காத பிடி. லேப்டாப் ஸ்க்ரூவின் மரையில் நீலமாக ஒரு பூச்சு இருக்கும், கழன்றுவிடாமல் இறுக்குவதற்காக. அதற்குச் சூடுதான் மருந்து. சால்டரிங் அயர்ன் முனையைத் தலையில் சில விநாடி வைத்து எடுத்து, ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். லேசாகப் பிளாஸ்டிக் வாடை வரும், அதுதான் கணக்கு. ஆனால் அடியில் பேட்டரி இருக்கிற மூலையென்றால் அயர்ன் பக்கமே போகக் கூடாது. இதற்கும் மசியாவிட்டால், தலையின் மேல் ஆக்ஸா பிளேடுத் துண்டால் குறுக்கே ஒரு கோடு கிழித்து மைனஸ் திருப்புளி போடலாம், சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு. ஒரே ஒரு இரும்புத்தூள் போர்டில் விழுந்தால் ஸ்க்ரூ வரும், லேப்டாப் போகும். கடைசிக் கட்டம் தலையை டிரில் போட்டு எடுப்பது. தலை போனதும் இறுக்கம் விட்டுவிடும், மூடியைத் தூக்கிவிட்டு நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை நோஸ் பிளேயரால் பிடித்துத் திருப்பலாம். இதில் எங்காவது ரப்பர் பேண்டு இருக்கிறதா?

கொளச்சல் உப்புக்காற்று:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. தலை தேய்ந்ததா, மரை பிடித்ததா? நீலப் பூச்சுக்குச் சொன்ன அந்தச் சில விநாடிச் சூடு உப்புப் பிடித்த மரைக்கும் போதுமா என்றும் யாரும் சொல்லவில்லை.

வடசேரி பழைய பட்டறை:
வள்ளத்துக்கு நீங்கள் தனியாகத் திரி தொடங்குங்கள் சார்.

கொளச்சல் உப்புக்காற்று:
நாகர்கோவில்காரர்களுக்குக் கடல் என்றால் எப்போதும் தனித் திரிதான்.

மார்த்தாண்டம் செல்போன்:
பிலிப்ஸ் தலையே நழுவுவதற்காகச் செய்தது என்று சொல்கிறார்களே? பிறகு எதற்குத் தேய்ந்ததென்று அழுகை?

தக்கலை டூவீலர்:
ஒரு வேலைக்கும் உதவாத தகவல். ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை வாங்கி, கார் கம்பெனிக்குப் போன சாமான். முனை தானாக நடுவில் போய் உட்காரும், மெஷின் வைத்து வேகமாக இறுக்கலாம் என்பதுதான் வாங்கினவனுக்கு வசதி. கழற்றுகிறவனைப் பற்றி எவன் கவலைப்பட்டான்?

திங்கள்சந்தை மாப்ளே:
ஸ்க்ரூ கழன்றதோ இல்லையோ, இங்கே எல்லாருக்கும் மரை கழன்றுவிட்டது.

குலசேகரம் தோட்டக்காரன்:
வடசேரி அண்ணே, கடைசியாகக் கேட்கிறேன். நேரில் செய்து காட்டினால் திரியின் தலைப்பை மாற்றுவீர்களா?

வடசேரி பழைய பட்டறை:
சனிக்கிழமை கடை உண்டு. பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். ரப்பர் பேண்டு உங்களுடையது, புகைபோட்டதோ போடாததோ. ஸ்க்ரூ நான் தருகிறேன்.

குலசேகரம் தோட்டக்காரன்:
நீங்கள் தரும் ஸ்க்ரூவா? ராத்திரியே மரையை இறுக ஒட்டும் லாக்டைட் பசையை ஊற்றி வைத்திருப்பீர்கள். ஸ்க்ரூவும் என்னுடையது.

வடசேரி பழைய பட்டறை:
சுவர்க்கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், அதுதானே? லேப்டாப் ஸ்க்ரூ இல்லாமல் வராதீர்கள்.

குலசேகரம் தோட்டக்காரன்:
பயப்படுகிறார், பாத்தியளா.

மார்த்தாண்டம் செல்போன்:
சனிக்கிழமை நானும் வருகிறேன். அந்த எக்ஸ்ட்ராக்டர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், எல்லாம் உள்ளேதான் இருக்கும்.